டர்பனில் முதல்முறையாக வீட்டு வேலைக்கு ஆள் வைத்தோம்: ஏஜென்சியில் நான்கு வாரம், நேரடியாக எட்டு மாதம்

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பனுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வீடு பெருக்குவது, துடைப்பது எல்லாம் நானும் என் கணவரும்தான் பார்த்துக்கொண்டோம். திருநெல்வேலியில் அம்மா யாரையும் வேலைக்கு வைத்ததில்லை. எனக்கும் அந்தப் பழக்கம் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்து நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கை ஓயவே இல்லை. இந்த ஊர் ஈரக் காற்றில் ஒரு வாரம் விட்டால் குளியலறைக் கூரையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை வந்துவிடும். காற்றுக்காகச் சன்னலைத் திறந்தால் குரங்கு உள்ளே வந்து வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போகும்.

முதலில் ஒரு ஏஜென்சி மூலம் போனோம். பெயர் வேண்டாம். நான்கு வாரத்தில் நான்கு வெவ்வேறு பெண்கள் வந்தார்கள். குறை அவர்கள் மேல் இல்லை. ஒவ்வொரு வாரமும் துடைப்பம் எங்கே, வாசலில் இருப்பது அழுக்கு இல்லை, கோலம் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது வாரம் வந்தது சின்னப் பெண். குளியலறையில் பிளீச்சையும் அமோனியா கலந்த இன்னொரு திரவத்தையும் ஒன்றாக ஊற்றிவிட்டாள். இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். உள்ளே கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். அந்தக் கலவையிலிருந்து வருவது விஷ வாயு. "யாரும் சொல்லித் தரவில்லையா?" என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து அன்றுதான் மூன்றாவது நாளாம். ஏஜென்சிக்குப் போன் போட்டால், "வேறு ஆள் அனுப்பட்டுமா?" என்றார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் நான்காவது வாரம் வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது: நாங்கள் கட்டிய 420 ராண்டில் அவர் கைக்குப் போனது 240.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர்தான் இப்போது வருபவரை அறிமுகம் செய்தார். உம்லாசி என்ற பகுதியிலிருந்து இரண்டு மினிபஸ் டாக்சி மாறி ஓவர்போர்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் பேசும் சுலு மொழியில் வயதான பெண்களை மரியாதையாக 'மாமா' என்பார்கள், அம்மா என்று பொருள். என் மூத்தவன் முதல் நாள், "மாமான்னா ஊர்ல இருக்கிற மாமாதானே?" என்று விழித்தான்.

முதல் நாள் அவர் துணியையே தொடவில்லை. வீட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு மூன்று கேள்வி கேட்டார். சாமி இடத்துக்குத் தனித் துணி உண்டா? குழந்தை எந்தத் தரையில் தவழ்கிறது? குப்பை வண்டி என்றைக்கு வரும்? எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் வேலை செய்வதைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். அடுப்பில் இட்லி மாவு சிந்திக் காய்ந்தால் நான் கத்தியால் சுரண்டுவேன். அவர் ஈரத் துணியை மேலே விரித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அரை மணி நேரம் கழித்து ஒரே இழுப்பு, கீறலே இல்லை. வெள்ளை மேடையில் படிந்த மஞ்சள் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுகிறார். குழந்தையின் சட்டையில் பட்ட மஞ்சளைச் சன்லைட் சோப்புப் போட்டு வெயிலில் விரித்தார். சாயங்காலம் கறை வெளுத்திருந்தது. குத்துவிளக்குக்குப் புளி என்று நான் ஒரு தடவைதான் காட்டினேன். அடுத்த வாரம் திரி போடும் குழியில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைக்கூடக் குச்சியில் துணி சுற்றி எடுத்திருந்தார்.

இந்த வாடகை வீட்டின் பின்பக்கம், பழைய காலத்தில் வேலைக்காரருக்கென்று கட்டிய சின்ன அறை இருக்கிறது. உள்ளே ஒரு எனாமல் தட்டும் குவளையும் கிடந்தன. யாருக்கென்று வைத்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் டீக்கடைத் தனி டம்ளரைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் மதியம் எங்கள் தட்டிலேயே சோறும் பருப்பும் போட்டு எங்களோடு உட்காரச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார், பிறகு உட்கார்ந்தார். அந்தக் குவளையில் இப்போது ஜிக் பிளீச்சை அளந்து ஊற்றுகிறார்.

சரி, பணம். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்ட் 79 செண்ட் என்று இருந்தது. எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 230. நாங்கள் 350 தருகிறோம், டாக்சிக் காசு தனி. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் ஒருவர் உங்களிடம் வேலை பார்த்தால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்ய வேண்டும். வாரம் ஒரு நாள் என்றாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும். அவர் பங்கு 1 சதவீதம், நம் பங்கு 1 சதவீதம். நான்கு வார மாதத்தில் 1,400 ராண்டுக்கு இரண்டும் சேர்த்து 28 ராண்ட். இதைக் கட்டாமல் விடுபவர்களை எனக்குப் புரியவே இல்லை. அந்த நிதியின் இணையதளத்தில் பதிவு செய்ய எனக்கு இரண்டு மாலை பிடித்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம் அவர் முக்காலியில் ஏறிச் சன்னல் துடைக்கும்போது அது ஆடியது. விழவில்லை, நான் பிடித்துவிட்டேன். அன்று இரவுதான் விபத்து இழப்பீடு பற்றித் தேடிப் படித்தேன். 2012இல் பிரிட்டோரியாவில் ஒரு பெண், வேலை பார்த்த வீட்டின் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்திருக்கிறார். வீட்டு வேலை செய்பவர்களைச் சட்டம் அப்போது கணக்கிலேயே சேர்க்கவில்லை. மகள் வழக்குப் போட்டு, 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மறுநாளே இழப்பீட்டு நிதிக்கும் விண்ணப்பித்தோம், கைப்பிடி வைத்த ஏணியும் வாங்கினோம்.

குறை என்றால் ஒன்று: டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிவிடுவார். கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று நான் தேடுவேன். தாளிப்பு டப்பாக்களைத் தொட வேண்டாம் என்று சொன்ன பிறகு அதுவும் சரியாகிவிட்டது.

ஏஜென்சிக்கு ஐந்தில் ஒன்று. மாமாவுக்கு மார்க் போட எனக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை அவருக்கு வேலை இல்லை. ஓவர்போர்ட், சிடன்ஹாம் பக்கம் இருப்பவர்கள் கேட்டால், அவரிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தருகிறேன். 350க்குக் குறைத்துக் கேட்காதீர்கள்.