வாசா ப்ரோப் கிட்: கருவுக்கு செம்ம, பெரிய மீனுக்கு சுமார்

ஜீப்ராஃபிஷ் இனச்செல்லுல (விந்தணு, முட்டையா மாறப்போற செல்லு) எந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாக்குறவங்க கரு வேலைக்கு மட்டும்னா இந்த இன் சிட்டு கிட்ட (ஒரு ஜீனோட ஆர்என்ஏ எந்த செல்லுல இருக்குன்னு ப்ரோப் ஒட்டவச்சு கலர்ல காட்டுறது) தாராளமா வாங்கலாம். நாலு செல் ஸ்டேஜ்லயே செல் பிரியுற மடிப்போட ஓரத்துல நாலு ஊதா புள்ளி பளிச்னு தெரியுது, அதெல்லாம் தாய் முட்டைக்குள்ளயே போட்டு அனுப்புன வாசாங்குற இனச்செல் ஜீனோட ஆர்என்ஏ, 24 மணி நேரக் கருவுல பாத்தா அந்த ஆர்என்ஏ கெடச்ச செல்லுங்க கோனாடு (விந்தகம் இல்ல சினைப்பை) வரப்போற இடத்துல ரெண்டு பக்கமும் வந்து நிக்குது.

வளர்ந்த மீன்ல தான் தலைவலி. விந்தகத்துல ஸ்பெர்மட்டோகோனியா (விந்தணுவா மாறப்போற ஆரம்ப செல்லு) நல்லா கலர் புடிக்குது, முதிர்ந்த விந்தணுல ஒண்ணும் தெரியல, அது சரிதான். சினைப்பைல சின்ன ஊசைட் (முட்டையா வளர்ற செல்லு) ஓகே, மஞ்சக்கரு சேந்த பெருசுல ஒரே பேக்ரவுண்டு, அதாவது ஜீனோட சம்பந்தமில்லாத கலர். புரோட்டினேஸ் கே (ப்ரோப் உள்ள போறதுக்காக புரதத்த வெட்டுற என்சைம்) எவ்ளோ நேரம்னு மேனுவல்ல கருவுக்கு மட்டும் போட்டிருக்கான், திசு செக்‌ஷனுக்கு ஒரு வரி கூட இல்ல. சென்ஸ் ப்ரோபும் (அந்த ஆர்என்ஏல ஒட்டாத, ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான ப்ரோப்) தரல, கன்ட்ரோல் இல்லாத படத்த எந்த ரிவ்யூவர் விடுவாரு?