விதைநெல் அட்டவணையும் கொக்கட்டிச்சோலையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் உள்ள கமக்காரர் அமைப்பு ஒன்றின் விதைநெல் பட்டியல் இணையப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு, ஊர், நெல்லினம், புசல், விலை, தொலைபேசி என்று ஆறு நிரல்கள். நாலு பெரும்போகமாக இந்த அட்டவணையில் என் நேரத்தை அதிகம் எடுத்தது வரி மடிப்புத்தான்.

முதலில் எல்லாக் கலத்துக்கும் 'ஒயிட்-ஸ்பேஸ்: நோராப்' என்ற, வரியை மடியவிடாத சிஎஸ்எஸ் (பக்க வடிவமைப்பு) கட்டளையைக் கொடுத்தேன். கணினியில் நேர்த்தியாக இருந்தது. விதைப்புக் காலத்தில் வெல்லாவெளியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார்: "மனே, ஊரும் இனமும் கிடக்கு, விலையக் காணல்லியே." அவருடைய போனில் விலை நிரல் திரைக்கு வெளியே போயிருந்தது. அவருக்கு வேண்டியதே அந்த ஒரு நிரல்தான். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு செய்தது அதைவிட மோசம். எந்த எழுத்துக்குப் பிறகும் வரியை முறிக்கவிடும் 'வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்' போட்டேன். அட்டவணை திரைக்குள் வந்துவிட்டது, ஆனால் 'கொக்கட்டிச்சோ' ஒரு வரி, 'லை' அடுத்த வரி. உயிர்மெய் எழுத்து உடையாது, சரி. சொல் உடைகிறதே! எண்களையும் அது விடாது. 065 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் கீழே விழ, ஒருவர் மேல்வரியை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தமிழ் அட்டவணையில் பிரேக்-ஆல் வேண்டவே வேண்டாம்.

சொல் இடம் கொள்ளாதபோது மட்டும் அதை முறிக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட்' எதையும் மாற்றவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. அகலம் குறிக்காத அட்டவணையில் ஒவ்வொரு நிரலின் குறைந்தபட்ச அகலத்தையும் உலாவி முதலில் கணக்கிடும். அந்தக் கணக்கில் பிரேக்-வேர்ட் சேராது, அதே கட்டளைக்குக் கொடுக்கக்கூடிய 'எனிவேர்' சேரும். ஊர் நிரலுக்கு எனிவேர் போட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. எண் நிரல்கள் மடியாமல் நின்றுகொள்ள, ஊர் நிரல் ஓரிரு எழுத்து அகலத்துக்குச் சுருங்கிச் செங்குத்தாக நின்றது. 'டேபிள்-லேஅவுட்: ஃபிக்ஸ்ட்' போட்டு அகலங்களை நானே குறித்தும் பார்த்தேன். அப்போது பிரேக்-வேர்ட் வேலை செய்யும், ஆனால் சொல்லை வெட்டும் இடம் அதே கண்மூடித்தனம்.

இப்போது இரண்டு போகமாக நிலைத்திருப்பது இது. புசல், விலை, தொலைபேசி, 'பிஜி 94-1' போன்ற இனப்பெயர் ஆகியவற்றுக்கு மட்டும் நோராப். 'மண்முனை தென் எருவில் பற்று' போன்ற பிரிவுப் பெயர் இடைவெளிகளில் தானாக மடியும். நீண்ட ஒற்றைச் சொற்களுக்குள், இங்கே மடியலாம் என்று உலாவிக்குச் சொல்லும் 'டபிள்யூபிஆர்' குறியை நானே வைக்கிறேன் (கோடு குறியின் இடத்தைக் காட்ட மட்டும்): கொக்கட்டிச்-சோலை, போரதீவுப்-பற்று, களுவாஞ்சி-குடி. இடம் போதாவிட்டால் மட்டும் அங்கே மடியும், திரையில் கோடு எதுவும் தோன்றாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகல இடைவெளியையும் முயன்றேன். அது எழுத்தோடு எழுத்தாகப் பதிந்துவிடுவதால் எங்கள் தேடல் பெட்டியில் ஊர்ப்பெயர் அகப்படவில்லை. குறியில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், அட்டவணையைச் சுற்றி ஒரு 'டிவ்' என்ற பெட்டி, அதற்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ'. சிறிய போனில் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும். விலை நிரலை ஊருக்கு அடுத்ததாக மாற்றிவிட்டேன், நகர்த்தாமலே தெரியும்.

பக்கத்தின் பழைய மூலக் குறிமுறையில் கலத்துக்குள் நேரடியாக எழுதும் 'நோராப்' பண்பும் கிடந்தது. 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 (இணையப் பக்க மொழியின் ஒரு பதிப்பு) அதை அப்போதே கைவிடச் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஒவ்வொரு பெயராகக் குறி வைப்பது மெதுவான வேலை. இந்தப் போகத்தில் வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை ஊர்கள் மேலும் சேர்கின்றன. நேற்று 'புதுக்குடியிருப்பு' வந்தது. 'புதுக்' என்பதற்குப் பிறகு குறியை வைத்திருக்கிறேன்.