நைட்ஃபால் இன் மிடில்-எர்த்: சில்மரில்லியனோடு சேர்த்துக் கேட்ட அனுபவம்

ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரத்தைச் சேர்ந்த பிளைண்ட் கார்டியன் என்ற ராக் குழு 1998இல் வெளியிட்ட ‘நைட்ஃபால் இன் மிடில்-எர்த்’ ஆல்பத்தைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதன் மூலமான, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ நூலையும் விடாமல் படித்து வருகிறேன். ராக் இசை மீதும் மிகுபுனைவு மீதும் எனக்குள்ள பித்து இரண்டும் இவ்வளவு இசைவாகக் கூடிய இடம் வேறில்லை. இதைக் கேட்கலாமா, அதற்கு முன் நூலைப் படித்தாக வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நூலை நாவல் என்று சொல்வதே முழுதாகப் பொருந்தாது. டோல்கீன் 1973இல் மறைந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற பிரதிகளிலிருந்து மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளிவந்தது அது. உலகின் படைப்பில் தொடங்கி யுகம் யுகமாக நகர்கிறது. நடையும் புராணத்தின் நடைதான். பெயர்கள் அடுக்கடுக்காக வந்து விழும். ஒரு பெரும் போர் ஒரே பத்தியில் முடிந்துவிடும். கதை சொல்பவர் மிகத் தொலைவில் நின்றுகொண்டு யார் வென்றார், யார் மாண்டார் என்பதை மட்டும் சொல்லிச் செல்வார். மாண்டவனின் நெஞ்சுக்குள் அபூர்வமாகத்தான் நுழைவார். அந்தத் தொலைவுதான் நூலுக்குக் கம்பீரம் தருகிறது. தொடங்கியவர்களில் பலர் பாதியில் மூடி வைப்பதும் அதனால்தான்.

ஆல்பம் அந்தத் தொலைவைக் கடக்கிறது. பல பாடல்களில் பாத்திரங்கள் ‘நான்’ என்று பேசுகின்றன. கடவுளர் வாழும் வலினோர் நாட்டின் இரு ஒளிமரங்கள் அழிந்து, தந்தை கொல்லப்பட்டு, தான் செய்த சில்மரில் மணிகளும் மோர்காத் என்ற பெரும்பகைவனால் களவுபோன நிலையில், எல்ஃப் என்னும் சாவில்லா இனத்து இளவரசன் ஃபியனோர் நிற்பதை ‘நைட்ஃபால்’ பாடுகிறது. அமைதியாகத் தொடங்கி, பல்லவியில் பெருங்குரலாக எழும் பாடல் அது. நூலில் அவனும் அவனுடைய ஏழு மகன்களும் மணிகளை மீட்க உரைக்கும் வஞ்சினத்தைப் படிக்கும்போது எனக்கு அச்சம்தான் எழுந்தது. பாடலைக் கேட்ட பிறகே அதன் அடியில் கிடக்கும் துக்கம் புரிந்தது. ‘பிளட் டியர்ஸ்’ பாடலும் அப்படித்தான்: மலைமுகட்டில் ஒற்றை மணிக்கட்டில் விலங்கிடப்பட்டுத் தொங்கும் ஃபியனோரின் மூத்த மகன் மைத்ரோஸின் வேதனை நூலில் சில வரிகள் மட்டுமே.

ஆனால் இந்த ஆல்பத்தின் சிகரம் ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’. போரில் எல்லாம் தோற்றதென்று நம்பிய எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின், தனியாகக் குதிரையேறிப் பகைவனின் கோட்டை வாசலுக்கே சென்று மோர்காத்தை ஒண்டிக்கு ஒண்டி அழைக்கிறான். கடவுளருக்கு நிகரான ஒருவனை எதிர்த்து எல்ஃப் ஒருவன் நிற்கிறான். ஏழு காயங்கள் தருகிறான். மூன்று முறை நசுக்கப்பட்டும் எழுகிறான். கடைசி வீச்சில் மோர்காத்தின் காலை வெட்டிவிட்டுச் சாகிறான். மோர்காத் அன்று முதல் நொண்டியே நடந்தான். இந்தப் பாடலில் தோமன் ஸ்டௌக்கின் டிரம்ஸ் குதிரையின் பாய்ச்சலாகவே என் காதில் விழுகிறது. ஆந்த்ரே ஒல்பிரிஷின் கிதார் பாடகரின் குரலோடு போட்டியிடாமல் அதற்குப் பதில் சொல்வதுபோல் இழைகிறது. முடிவு என்னவென்று நன்றாகத் தெரிந்தும், ஒவ்வொரு முறையும் இந்த முறை ஃபிங்கோல்ஃபின் வென்றுவிடுவான் என்று நம்ப வைக்கிறது பாடல். இசை செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிதாக எதையும் நான் கேட்பதில்லை.

முந்தைய ஆல்பங்களில் பாடிக்கொண்டே பேஸ் கிதாரும் வாசித்த ஹான்சி கூர்ஷ், இதில் அந்தப் பொறுப்பை ஆலிவர் ஹோல்ஸ்வார்த்திடம் விட்டுவிட்டார். பாடுவதற்கே முழுக் கவனமும் கிடைத்ததாலோ என்னவோ, குரல்மேல் குரல் அடுக்கிய சேர்ந்திசை ஆல்பம் முழுக்க நிறைந்திருக்கிறது. குறையும் அங்கேதான். சிறிய ஸ்பீக்கரில் இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. கிதார் பின்னால் போய்விடுகிறது. நல்ல ஹெட்போன் இல்லாமல் இதைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, மொத்தம் 22 தடங்களில் பாதி, பாடல்களே அல்ல. உரையாடல், ஒலிக்காட்சி, சிறு இசைத்துண்டு என இடையிடையே வருகின்றன. கலைத்துப் போட்டுக் கேட்டால் திடீரென யாரோ பேசி ஓய்வார்கள். காட்சியின் தொடர்ச்சி அறுந்துபோகும். தடங்களுக்கிடையே இடைவெளி விடாமல் இசைக்கும் வசதியை இயக்கிவிட்டு வரிசையாகக் கேட்பதே சரி.

நூல் படிக்காதவர்கள் கதையை ஆல்பத்திலிருந்து தொகுத்துக்கொள்ள முடியாது. தொடக்கத் தடமே யுகத்தின் கடைசிப் போரில் ஆரம்பித்துப் பிறகு பின்னோக்கிச் செல்கிறது. மைத்ரோஸின் சிறைக்குப் பிறகுதான் ஃபிங்கோல்ஃபினின் எல்ஃப் கூட்டம் பனிப்பரப்பைக் கடக்கும் ‘நோல்டோர்’ வருகிறது. நூலில் இவை வேறு வரிசையில் நிற்கின்றன. எல்ஃப்களின் மறைநகரமான கோண்டோலின் எழுவதற்கு ‘மிரர் மிரர்’ என்ற அட்டகாசமான பாடல் இருக்கிறது, அது வீழ்வதற்குப் பாடல் இல்லை. சாபத்தில் சிக்கிய மனித வீரன் துரினின் கதைக்கும் தனிப்பாடல் கிடையாது. அந்த ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இதே குழு 2010இல் வெளியிட்ட ‘அட் தி எட்ஜ் ஆஃப் டைம்’ ஆல்பத்தில் ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடருக்கும் பாடல் உண்டு, ஆர்கெஸ்ட்ரா முழக்கத்தோடு. நல்ல பாடல்தான். ஆனால் 14 பாகத் தொடரை ஒரு பாடலுக்குள் அடைப்பது வேறு, ஒரே நூலுக்குள் ஓர் ஆல்பம் முழுவதும் குடியிருப்பது வேறு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: நூலின் மையமான ‘குவெண்டா சில்மரில்லியன்’ பகுதியின் ஒன்பதாம் அத்தியாயம் வரை படித்துவிட்டு ‘இன்டு தி ஸ்டார்ம்’ முதல் ‘தி கர்ஸ் ஆஃப் ஃபியனோர்’ வரை கேளுங்கள். 18ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’. பெரென் என்ற மனிதனைக் காக்க எல்ஃப் அரசன் ஃபின்ராட் வெறுங்கையால் ஓநாயோடு போராடி இறக்கும் 19ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு, பியானோவோடு மெல்லச் செல்லும் ‘தி எல்டார்’. 20ஐயும் முடித்துவிட்டால் ‘எ டார்க் பேசேஜ்’ உட்பட மொத்த ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டுவிடலாம்; ஏறக்குறைய 65 நிமிடங்கள்தான்.