பதிவை நீக்கினால் அட்வான்ஸ் கைக்கு வருமா?

காரைக்குடியில் ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அண்டாக்களில் பாதி பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வாங்கியவை. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் விலாசம், அதாவது அடையாள முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். பதிவுகளை ஹேஷ் டேபிளில் வைத்தேன்: ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் அட்டவணை. விலாசமும் வரிசை எண்ணும் சேர்ந்து அதன் கீ, வாடிக்கையாளர் கட்டிய அட்வான்ஸ் அதன் வேல்யூ, அதாவது மதிப்பு. அண்டா திரும்பி வந்ததும் பதிவை நீக்கி அட்வான்ஸைத் தரவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எழுதியது கோ (Go) என்ற நிரல் மொழியில். அதன் டேபிளில் (மேப் என்பார்கள்) பதிவை நீக்கும் டெலீட் எதையும் திருப்பித் தராது. முதலில் படித்துவிட்டு, அப்புறம் நீக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் டேபிளைத் தொட விடுவது பூட்டு; இரண்டுக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போட்டது என் தப்பு. முகூர்த்தத்துக்கு மறுநாள் கூட்டத்தில் இரண்டு கல்லாக்களில் ஒரே அண்டாவை வரவு வைத்தார்கள். இருவரும் படித்துவிட்டார்கள், பிறகே இருவரும் நீக்கினார்கள். அட்வான்ஸ் இரண்டு முறை போனது.

மற்ற நிரல் மொழிகளில் நீக்கும்போது என்ன கிடைக்கிறது என்று பார்த்தேன். ஜாவாவின் ரிமூவ் பழைய மதிப்பையே தருகிறது. நல்லதுதான். ஆனால் அதன் ஹேஷ் டேபிளான ஹேஷ்மேப்பில் நல் (null, ‘எதுவும் இல்லை’ என்ற குறி) மதிப்பையும் வைக்கலாம், பதிவு இல்லாவிட்டாலும் ரிமூவ் நல்தான் தரும். தெரிந்தவர் என்று அட்வான்ஸ் வாங்காமல் நல் போட்டிருந்தால், ‘அட்வான்ஸ் இல்லை’ என்பதும் ‘பதிவே இல்லை’ என்பதும் ஒரே பதிலாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மேப் நேர் எதிர்: இருந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், மதிப்பைத் தராது. பைத்தானில் நீக்கி மதிப்பைத் தரும் பாப் (pop) பிடித்திருக்கிறது. பதிவு இல்லையென்றால் கீ எரர் என்ற பிழையை எழுப்பும். வேண்டாமென்றால் மாற்று மதிப்பு கொடுக்கலாம். அங்கே நன் (None, பைத்தானின் நல்) என்று கொடுத்தால் மறுபடி ஜாவா கதைதான். ரூபியில் பதிவு இல்லாதபோது மட்டும் ஓடும் பிளாக்கை (சிறு நிரல் துண்டை) டெலீட்டோடு சேர்க்கலாம், அது கெட்டிக்காரத்தனம்.

என் ஓட்டு ரஸ்டுக்கு. ரிமூவ் ஒரு ஆப்ஷனைத் தருகிறது. ‘இருந்தது, இதோ மதிப்பு’ அல்லது ‘இல்லை’, குழப்பமே கிடையாது. கீயும் வேண்டுமென்றால் ரிமூவ் என்ட்ரி இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் 17-இல் வந்த எக்ஸ்ட்ராக்ட் இன்னும் ஒரு படி மேலே போய், கீயும் மதிப்பும் இருக்கிற கணுவையே (node) கழற்றிக் கையில் தரும். வேறு மேப்பில் அப்படியே செருகலாம். என் கடைக்கு அது தேவையில்லை.

மதிப்பைத் தந்தால் வேகம் குறையுமே என்பார்கள். நீக்குவதற்கே ஹேஷ் போட்டு (கீயை எண்ணாக மாற்றி), இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். மதிப்பு அங்கேதான் இருக்கிறது. படித்துவிட்டு நீக்கினால்தான் அந்தத் தேடல் இரட்டிப்பு.

கோ குழுவும் சும்மா இருக்கவில்லை. பல கோரூட்டின்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) பகிர்கிற சிங்க் மேப்புக்கு 2020-இல், 1.15 பதிப்பில், படித்து நீக்குவதை ஒன்றாகச் செய்யும் லோட் அண்ட் டெலீட் வந்தது. சாதாரண மேப்பின் டெலீட் இன்றும் வாய் திறப்பதில்லை. நான் ரஸ்டுக்கு மாறவில்லை, கடைக்காரர் அதற்கெல்லாம் காசு தரமாட்டார். ஒரே பூட்டுக்குள் படித்து, நீக்கி, மதிப்பையும் ‘இருந்ததா’ என்பதையும் சேர்த்துத் தரும் சின்ன ஃபங்ஷன் எழுதினேன். அதற்கு ‘எடுத்துக்கொடு’ என்று பெயர் வைக்க ஆசை. தமிழின் துணைக்குறிகளை (கொம்பு, புள்ளி போன்றவற்றை) கோ பெயர்களில் ஏற்காது; ஆங்கில எழுத்தில்தான் வைத்தேன்.