டெக்சாஸ் பள்ளி ஆர்க்கெஸ்ட்ரா: ஒன்பதாம் வகுப்பிலும் தொடரலாமா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு ஆண்டின் தொடக்கத்தில் ஒரு படிவம் வரும். ஆறாம் வகுப்பில் பேண்டா (ஊதும், தட்டும் வாத்தியங்கள்), ஆர்க்கெஸ்ட்ராவா (வயலின் போன்ற நரம்பு வாத்தியங்கள்), கோயரா (சேர்ந்திசைப் பாட்டு), நாடகமா, ஓவியமா? டெக்சாஸில் இது விருப்பம் இருந்தால் எடுத்துக்கொள்ளும் பாடம் இல்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குள் ஒரு நுண்கலைப் பாடமாவது படித்து முடிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியை முடிக்க நுண்கலையில் இன்னும் 1 கிரெடிட் (ஒரு வருஷப் பாடம்) வேண்டும். சட்டமே அப்படித்தான். அதனால் எதை எடுப்பது, எத்தனை வருஷம் எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. டாலஸுக்கு வடக்கே ஒரு ஐ.எஸ்.டி.யில் (பள்ளி மாவட்டம்) என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து வயலின் வாசிக்கிறாள், இப்போது பத்தாவது. மகன் எட்டாவது, பேண்டில் டிராம்போன். குறைகளும் சொல்லப் போவதால் மாவட்டத்தின் பெயர் வேண்டாம். அக்கம்பக்கத்து மாவட்டங்களில் இருக்கும் தோழிகள் சொல்வதும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் நல்லது. இது பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கும் வகுப்பு. மார்க் உண்டு, வீட்டில் பயிற்சி செய்தாக வேண்டும். நடத்துபவர் இசையில் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் பெற்றவர். 'டைரக்டர்' என்று அழைப்பார்கள். நான் திருச்சியில் படித்த பள்ளியிலும் அட்டவணையில் பாட்டு பீரியட் இருந்தது. அரையாண்டுப் பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், டிராயிங் பீரியடை அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்வார். இங்கே ஆர்க்கெஸ்ட்ரா பீரியடை யாரும் தொடுவதில்லை. எனக்கு இதுவே பெரிய விஷயம்.

கற்றுக்கொடுக்கும் முறையும் பிடித்திருக்கிறது. முதல் சில வாரங்கள் வில்லைக் கையில் கொடுக்கவே இல்லை. உட்காருவது, தோளில் வைப்பது, விரலால் நரம்பை மீட்டுவது, காலால் தட்டிக்கொண்டே வாய்விட்டு எண்ணுவது, இவ்வளவுதான். வில் பிடிக்கும் பழக்கம் பென்சிலில் ஆரம்பித்தது. விரல் எங்கே விழ வேண்டும் என்று காட்ட விரல் பலகையில் டேப் ஒட்டித் தந்தார்கள். பிறகு வில் வந்ததும் வீட்டில் கேட்ட சத்தத்தைப் பற்றி எழுத வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஆனால் டிசம்பர் கச்சேரியில் வயலின்காரர்கள் ஒரு வரி, வயோலா ஒரு வரி, செல்லோவும் டபுள் பேஸும் அடியில் வேறொரு வரி என்று வாசித்து, அவ்வளவும் ஒரே இசையாகச் சேர்ந்தது. எல்லோரும் ஒரே மெட்டை வாசித்துக் கேட்டே பழகிய எனக்கு இது புதுசு. பதினொரு வயதுப் பிள்ளைகள், பக்கத்து ஆள் வேறு எதையோ வாசிக்கும்போது தன் வரியை விடாமல் பிடித்துக்கொள்வது சின்ன வேலை இல்லை.

வார இறுதியில் கர்நாடக வயலினும் கற்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. என் மகளும் அப்படித்தான். இரண்டும் குழம்பாதா என்று பலர் கேட்கிறார்கள். முதல் வருஷம் குழம்பத்தான் செய்யும். பள்ளியில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வயலினை மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். பாட்டு டீச்சர் வீட்டில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்ற வேண்டும். இங்கே நரம்புகள் ஜி-டி-ஏ-ஈ, அங்கே ச-ப-ச-ப. ஒரே வயலினில் இரண்டு ஸ்ருதியையும் மாற்றி மாற்றி வைத்தால் நரம்பு அறுந்துபோகும். முடிந்தால் இரண்டு வயலின் வைத்துக்கொள்ளுங்கள், பழையது ஒன்று போதும். இன்னொன்று கமகம். பாட்டு டீச்சர் விரலை வழுக்கி இழுக்கச் சொல்வார். டைரக்டர் "வழுக்காதே, நேராக விரலை வை" என்பார். எங்கே வழுக்குவது, எங்கே வழுக்கக் கூடாது என்பது ஏழாம் வகுப்பு வாக்கில் அவளுக்கே பிடிபட்டுவிட்டது. மோகனத்தை இங்கத்தி நோட்டேஷனில் எழுதி, தோழி ஒருத்தியை வயோலாவில் வாசிக்க வைத்தாள். பள்ளியில் யாரும் செய்யச் சொன்னது அல்ல அது. இந்தப் பாடத்தின் முதல் குறையும் அதுதான்: மனோதர்மத்துக்கு, அதாவது அந்த நேரத்தில் தானாகக் கற்பனை செய்து வாசிப்பதற்கு, இடமே இல்லை. எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது குறை, போட்டி. வசந்தகாலத்தில் யூ.ஐ.எல். மதிப்பீடு வரும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும், பள்ளிகளுக்கான போட்டிகளை நடத்தும் அமைப்பு அது. மேடையில் மூன்று உருப்படிகளை மூன்று நடுவர்கள் முன் வாசிக்க வேண்டும். 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள், 1 தான் உச்சம். ஒரு பள்ளி இன்னொரு பள்ளியைத் தோற்கடிக்க வேண்டியதில்லை, நன்றாக வாசித்தால் எல்லோருக்கும் 1 கிடைக்கலாம். இதுவரை சரி. ஆனால் அந்த 1-க்காக ஜனவரியிலிருந்து அதே மூன்று உருப்படிகளைத் தினமும் அரைக்கிறார்கள். ஒருவேளை நல்ல தரத்தோடு அவை முடிந்தாலும், அந்த மூன்றையும் பிள்ளைகள் பிறகு கேட்கவே விரும்புவதில்லை.

இதையெல்லாம் ஈடுகட்டுவது மேடை முடிந்தபின் நடக்கும் சைட் ரீடிங். வேறொரு அறை. முன்பின் பார்த்திராத ஒரு உருப்படியை மேஜையில் வைத்திருப்பார்கள். டைரக்டர் விளக்க சில நிமிடங்கள்தான் தருவார்கள். அந்த நேரத்தில் யாரும் வாசித்துப் பார்க்கக் கூடாது. பிறகு அதை ஒருமுறை வாசிக்க வேண்டும், நடுவர்கள் தரம் போடுவார்கள். எனக்கு வீணை கற்றுத்தந்த டீச்சர் ஒரு கீர்த்தனையை வரிவரியாகச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லி, மனப்பாடமான பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். அந்த முறையின் அருமையே வேறு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் தெரியாத தாளை எடுத்து வைத்து நாற்பது பேர் ஒன்றாக வாசிப்பது எனக்கு வராது. என் மகளுக்கு வருகிறது. யூ.ஐ.எல். வாரத்தில் அவள் பதற்றப்படுவது மேடைக்கு; உற்சாகமாகப் பேசுவது இந்த அறையைப் பற்றி.

செலவு? வகுப்புக்குக் கட்டணம் இல்லை. நாம் கட்டும் சொத்துவரியில்தான் எல்லாம் அடக்கம், அந்த பில்லைப் பார்த்தவர்கள் 'இலவசம்' என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டார்கள். செல்லோ, டபுள் பேஸ் போன்ற பெரியவற்றைப் பள்ளியே தந்துவிடுகிறது, வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும். வயலினை வாடகைக்கு எடுக்க எங்களுக்கு மாதம் 25 டாலர் சுமார் ஆனது. கறுப்பு உடை, ரோசின் (வில்லில் தேய்க்கும் பிசின்), அறுந்த நரம்பு என்று சில்லறைச் செலவு. பெரிய செலவு தனி வகுப்பு. ஆசிரியர் பள்ளிக்கே வந்து, ஆர்க்கெஸ்ட்ரா பீரியடில் பிள்ளையைத் தனியாக அழைத்து அரை மணி நேரம் சொல்லித் தருவார், அதற்கு நாம்தான் பணம் தர வேண்டும். கட்டாயம் இல்லை என்கிறார்கள். ஆனால் ரீஜன் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் (பல பள்ளிகளிலிருந்து தேர்வு வைத்து எடுக்கும் வட்டார அணி) போகிறவர்களில் தனி வகுப்பு எடுக்காத பிள்ளையை எங்கள் பள்ளியில் நான் பார்த்ததில்லை. பொதுப்பள்ளியில் இது எனக்கு உறுத்தல்தான். அடுத்த படி ஆல் ஸ்டேட், மாநில அளவிலான அணி. பிப்ரவரியில் சான் அன்டோனியோவில் நடக்கும். தேர்வுக்கான எட்யூட்கள் (பயிற்சி உருப்படிகள்) கோடையிலேயே வந்துவிடும், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வயலினும் கூடவே விமானம் ஏறும்.

இனி தலைப்பில் உள்ள கேள்வி. மிடில் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவில் நம் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். ஒன்பதாவது வந்ததும் பாதிப் பேரைக் காணோம். காரணம் இசை அல்ல, ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரி. ஏ.பி. வகுப்பில் (கல்லூரித் தரப் பாடம்) 100 வாங்கினால் கிடைக்கும் புள்ளி, ஆர்க்கெஸ்ட்ராவில் 100 வாங்கினாலும் கிடைக்காது, வெயிட்டேஜ் இல்லை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் சராசரி கீழே இறங்கும், ரேங்க் இறங்கும். டெக்சாஸில் ரேங்க் இறங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: 1997-இல் வந்த சட்டப்படி முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அது 5 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. "ஆன்ட்டி, ஆர்க்கெஸ்ட்ரா எடுத்தா ரேங்க் போயிடும்" என்று பதின்மூன்று வயதுப் பையன் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். பிழை அந்த விதியில் இருக்கிறது. ஒரு பாடத்தைக் கட்டாயமாக்கி, நல்ல ஆசிரியரைப் போட்டு, மூன்று வருஷம் வளர்த்துவிட்டு, தொடர்ந்து படிக்கும் பிள்ளைக்குத் தண்டனையும் கொடுப்பது என்ன நியாயம்? சில மாவட்டங்களில் நுண்கலைப் பாடத்தை ஜி.பி.ஏ. கணக்கில் சேர்க்காமல் விட வழி வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கூட்டத்தில் இதைக் கேட்டேன், "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

மகள் ரேங்க் போனாலும் பரவாயில்லை என்று தொடர்கிறாள். நானும் தடுக்கவில்லை. முடிந்தால் ஏ.பி. மியூசிக் தியரியும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்கு வெயிட்டேஜ் உண்டு.

பேண்ட் பற்றிச் சுருக்கமாக: மிடில் ஸ்கூல் வரை அருமை. உயர்நிலைப் பள்ளியில் அது மார்ச்சிங் பேண்ட், அதாவது அணிவகுத்து நடந்தபடி வாசிப்பது, ஆகிவிடும். ஆகஸ்ட் வெயிலில் வாகன நிறுத்துமிடத்தில் பயிற்சி, வெள்ளிக்கிழமை ஃபுட்பால், சனிக்கிழமை போட்டி. பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. கட்டணம் 1,000 டாலரைத் தாண்டும் பள்ளிகளும் உண்டு. மகன் போயே தீருவேன் என்கிறான். நாடகம் எதிர்பாராத அளவுக்கு நன்றாக இருக்கிறது. ஓர் அங்க நாடகப் போட்டியில் 40 நிமிடத்தைத் தாண்டினால் தகுதி இழப்பு, அந்தக் கறாரில் பிள்ளைகள் நிறையக் கற்கிறார்கள். ஓவிய வகுப்புதான் மாற்றாந்தாய்ப் பிள்ளை. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களைக் கொண்டுபோய் அங்கே போடுகிறார்கள், பாவம் அந்த டீச்சர்.

மதிப்பெண் கேட்டால், மிடில் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஐந்துக்கு நாலரை, உயர்நிலைப் பள்ளிக்கு மூன்றரை. குறைந்த அந்த ஒன்று டைரக்டர்களின் கணக்கில் சேராது. புதிதாக வருகிறவர்கள் படிவத்தை நிரப்புவதற்கு முன் கவுன்சலரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: நுண்கலையை ஜி.பி.ஏ.யில் சேர்க்கிறார்களா, ஏழாம் வகுப்பில் பேண்டிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற விடுவார்களா. எங்கள் மாவட்டத்தில் மாற விடுவதில்லை. வயலினை உடனே விலைக்கு வாங்க வேண்டாம். பிள்ளை வளர வளர அளவு மாறும், முழு அளவு வரும்வரை வாடகைதான் லாபம்.