பாலக்காடு எல்லையில் ‘560 எஸ்.இ.எல்.’ பென்ஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ‘1987 மாடல் 560 எஸ்.இ.எல்., வளைகுடாவிலிருந்து வந்த வண்டி, ஒரே உரிமையாளர், நன்றாகப் பராமரிக்கப்பட்டது’ என்று சொல்லி ஒரு தரகர் எனக்கு விற்ற கார், 560 எஸ்.இ.எல். அல்ல. அது 420 எஸ்.இ.எல். அடையாளத் தகட்டை மாற்றி, ஆர்.சி. நகலைத் திருத்தி, திட்டமிட்டுச் செய்த மோசடி இது. விசாரணை நடப்பதால் தரகரின் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கார்களை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். டபிள்யூ 126 என்பது மெர்சிடிஸின் எஸ் கிளாஸ் என்ற பெரிய சொகுசுக் கார் வரிசை. அது 1979இல் வெளிவந்தது. 1985இல் திருத்தி அமைத்தபோது அதன் உச்சியில் வைத்த மாடல்தான் 560 எஸ்.இ.எல். எட்டு சிலிண்டர், 5,547 சி.சி., ஐரோப்பியத் தயாரிப்பில் 300 குதிரைத்திறன் வரை. 420 எஸ்.இ.எல். காரிலும் எட்டு சிலிண்டர்தான், ஆனால் 4,196 சி.சி. உடல் நீளம் ஒன்று, முகம் ஒன்று. பானெட்டைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்தால் என்ஜினும் ஒரே குடும்பத்துச் சாயல்தான். டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். விலையோ அந்த மூன்று இலக்கத்தால் பெரிதும் ஏறிவிடுகிறது.

டிக்கி எழுத்தை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எண்களைக் கேட்டேன். 560 எஸ்.இ.எல். காரின் சேசிஸ் எண் டபிள்யூ.டி.பி. என்ற எழுத்துகளை அடுத்து 126039 என்று வரும். 420 எஸ்.இ.எல். என்றால் 126035. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ரிவெட் அடித்த தகட்டைத் தரகர் காட்டினார். அதில் 126039 தெளிவாக இருந்தது. ஆர்.சி. நகலிலும் அதே எண், 5,547 சி.சி. என்ற குறிப்பு. “அசல் எங்கே?” என்று கேட்டதற்கு, “விண்டேஜ் பதிவுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம், அண்ணா. இதோ ரசீது” என்றார். அந்த ரசீதும் போலி என்று பின்னால் தெரிந்தது. அசல் கைக்கு வரும்போது மீதியைத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துவந்தேன்.

உண்மையைச் சொன்னவர் கோவையில் இந்த வரிசைக் கார்களில் பல ஆண்டு வேலை செய்த ஒரு மூத்த மெக்கானிக். வண்டி உள்ளே வந்ததும் அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. என்ஜின் அறையின் பின்சுவரில் ஒட்டியிருந்த தடுப்பு விரிப்பை விலக்கி, அதன் மேல் அப்பியிருந்த கறுப்புப் பூச்சைத் துணியால் துடைத்தார். காரின் உடல் தகரத்தில் நேரடியாக அடித்த எண் அங்கே இருந்தது: 126035. “தகட்டைக் கழற்றி மாட்டலாம் தம்பி, இதைக் கழற்ற முடியாது” என்றார். என்ஜின் எண்ணும் 560க்கு உரிய 117இல் தொடங்கவில்லை, 420க்கு உரிய 116இல் தொடங்கியது. தகட்டின் ரிவெட்டுகள் புதியவை என்பதை அதன் பிறகுதான் காட்டினார்.

அடுத்து வந்தது துரு. 1985 திருத்தத்துக்குப் பின் வந்த டபிள்யூ 126 கார்களில் கதவுகளின் கீழ்ப்பாதியை அகலமான பிளாஸ்டிக் பலகைகள் மூடியிருக்கும். பார்க்க அழகு. ஆனால் அதன் பின்னால் ஈரம் தங்கினால் வெளியே ஒன்றுமே தெரியாது. கேரளத்தின் மழையையும் கடற்காற்றையும் நினைத்துப் பாருங்கள். பலகையைக் கழற்றியதும் ஜாக்கி வைக்கும் இடங்களில் இரும்பே இல்லை, ஓட்டையை அடைக்கும் பசையான புட்டிதான் இருந்தது. மேலே புதுப் பெயின்ட் கண்ணாடிபோல் பளபளத்தது. பின்கண்ணாடியின் அடிவிளிம்பிலும் அதே கதை. ஒரு சாதாரணக் காந்தத்தைக் கையில் கொண்டு போங்கள். புட்டி உள்ள இடத்தில் அது ஒட்டாது. பலகையைக் கழற்ற விடமாட்டேன் என்று சொல்லும் ஆளிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

டைமிங் செயினையும், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கவைக்கும் சங்கிலியையும், சொல்லியாக வேண்டும். இந்த எட்டு சிலிண்டர் என்ஜின்களில் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் தண்டுகள் வயதானால் நொறுங்கும். உடைந்த துண்டு செயினில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜின் போய்விடும். ஆகவே குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் சத்தத்தைக் கேட்க வேண்டும். எனக்குக் காட்டும்போதெல்லாம் வண்டி ஏற்கெனவே சூடாகவே இருந்தது.

இப்போது அந்த ‘விண்டேஜ்’ பேச்சு. எல்லையோரத் தரகர்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனமே விண்டேஜ். அதற்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் உண்டு. அப்படிப் பதிவு செய்தாலும் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம். 1987 கார் 2037க்கு முன் விண்டேஜ் ஆகவே முடியாது. அது வெறும் பழைய கார். 15 ஆண்டு முடிந்த கார் என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 40,000 ரூபாய் ஆக்கப்பட்டது; 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் இன்னும் கூட்டிவிட்டார்கள். என் வண்டிக்குப் புதுப்பிப்பே நடக்கவில்லை.

எனக்கு மிகவும் வலிப்பது பணம் மட்டும் அல்ல. 420 எஸ்.இ.எல். ஒன்றும் குறைந்த கார் அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால், அதற்குரிய விலை கொடுத்து மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். ஒரு நல்ல காரின் பெயரை அழித்து, இன்னொரு காரின் பெயரை அதன் நெற்றியில் அறைந்திருக்கிறார்கள். இனி அதை நேர்மையாக யாருக்கும் விற்க முடியாது, ஓட்டவும் முடியாது.

புகார் கொடுக்கப் போனபோது எல்லையின் சங்கடம் தெரிந்தது. வண்டி கேரளப் பதிவு, பணம் கைமாறியது பொள்ளாச்சியில். இந்தப் பக்கம் போனால் அங்கே போகச் சொன்னார்கள், அங்கே போனால் இந்தப் பக்கம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. அதை எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுத்த பிறகே என் புகாரைப் பெற்றுக்கொண்டார்கள். விற்பவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தன் சொந்தக் காரை விற்கும் தனிமனிதர் மீது அந்த வழி செல்லாது.

அசல் ஆர்.சி. கண்ணில் படாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இணையத்தில் பார்த்தால் சேசிஸ் எண்ணின் ஒரு பகுதி மறைக்கப்பட்டே தெரியும். பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே போய், பின்சுவரில் அடித்த எண்ணோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. என் காரில் ரிவெட் அடித்திருந்த 126039 தகடு எங்கோ இருந்த ஓர் உண்மையான 560 எஸ்.இ.எல். காருடையது. அந்தத் தகடு இப்போது காவல் நிலையத்தில் இருக்கிறது. கேரளத்திலோ கொங்குப் பகுதியிலோ அப்படிப்பட்ட காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தவர்கள் இருந்தால், அதன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அழிந்த வாகனத்தைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. தெரிவிக்காமல் விட்டிருந்தால், உங்கள் பெயரில் உள்ள எண்ணை இன்னொரு வண்டியின் மீது யாரோ அடித்துக்கொண்டிருக்கக்கூடும்.