நாலரை மணித் தட்டல்: ரேடியேட்டர்களோடு ஆறு குளிர்காலம்

பிரிட்டோரியாவில் பழைய வீடு ஒன்றை வாங்கவிருக்கும் நண்பர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் அறைகளைச் சூடாக்க, உள்ளே வெந்நீர் ஓடும் ரேடியேட்டர்கள் சுவரோரமாக இருக்கின்றனவாம். அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, கழற்றிவிட்டு அறைக்கு ஒரு சூடுதரும் ஏசி மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஜோகன்னஸ்பர்க்கின் கென்சிங்டன் பகுதியில், நீரைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரும் ஒன்பது ரேடியேட்டர்களும் உள்ள வீட்டில் நான் ஆறு குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் இத்தகைய வீடுகள் குறைவு. இவற்றைப் பழுதுபார்த்துப் பழகிய பிளம்பர்கள் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவின் விலையைக் கொடுத்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வெப்பத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துப் பகல் வெயிலை நம்பிக் கட்டிய வீடுகள் இரவில் கல்லறைபோல் குளிர்ந்துவிடுகின்றன. 2023 ஜூலை 10 அன்று பனி பெய்தபோது, தெருவே வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, என் வீட்டுக் கூடம் 20 டிகிரியில் இருந்தது. முகத்தில் காற்று அடிக்காது. உருளை ஹீட்டரின் எரிவாயு வாடை இல்லை. சுவரோரத்தில் காயப்போட்ட துண்டு காலையில் இளஞ்சூடாகக் கையில் கிடைக்கும். இந்தச் சுகத்துக்கு ஈடான ஒன்றை நான் வேறெந்த ஹீட்டரிலும் கண்டதில்லை.

ஆனால் அந்தத் தட்டல்.

பாய்லர் காலை நாலரை மணிக்குத் தானாக எரியும்படி வைத்திருந்தேன். 2022 ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவைப் பின்னறையில் படுக்கவைத்தோம். வந்த இரண்டாம் நாள், விடியும் முன்பே என் கதவருகே வந்து நின்று, “யாரோ கதவத் தட்டுறாங்கப்பா, எந்திரிச்சுப் பாரு” என்றார். மின்வேலியும் காவல் நிறுவனத்தின் பலகையும் இல்லாத வீடு அரிதாக உள்ள நகரத்தில், இருட்டில் கேட்கும் தட்டல் என்னவெல்லாம் நினைக்கவைக்கும் என்பதை இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கையெல்லாம் போட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. ‘டொக்’ என்று ஒன்று, சற்றுப் பொறுத்து ‘டொக், டொக்’ என்று இரண்டு, தரைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன. அது குழாய்ச் சத்தம் என்று சொன்னபோது அம்மா தலையசைத்தார். ஆனாலும் அன்றிலிருந்து கூடத்துச் சோபாவில்தான் படுத்தார்.

அழைத்து வந்த பிளம்பர் கேட்ட மாத்திரத்தில் ‘உள்ளே காற்று’ என்றார். காற்று இருந்தது உண்மைதான், அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு ரேடியேட்டர்கள் மேற்பாதி குளிர்ந்தும் கீழ்ப்பாதி சூடாகவும் இருந்தன. பானையில் நீர் ஊற்றுவதுபோல் களகளவென்ற ஓசையும் கேட்டது. இவை காற்றின் அடையாளங்கள். (கீழ்ப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே கருப்பு இரும்புச் சேறு படிந்திருக்கிறது என்று பொருள், அதற்குக் காற்று எடுப்பது மருந்தல்ல.) பாய்லரை அணைத்து, நீர் ஆறியபின், மேல் மூலையில் உள்ள திருகை அதற்குரிய சிறு சாவியால் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால், சீறிக்கொண்டு காற்று வெளியேறும், நீர் சீராக வரத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். பிறகு அழுத்தமானியைப் பார்த்து, குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) வரும்வரை நீர் ஏற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. களகளப்பு அன்றே நின்றது. தட்டல் நிற்கவில்லை. அதே மனிதர் மறுபடி வந்து மறுபடி காற்று எடுத்தார். மூன்றாம் முறை, நீரைச் சுற்றவிடும் பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிய பம்பை மாட்டி, அதற்குரிய பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் நாலரை மணிக்கு, புதிய பம்போடு, அதே தட்டல். அந்தக் காலையில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

இதற்கிடையில் படிப்பறை ரேடியேட்டரின் தெர்மோஸ்டாட் வால்வு (அறையின் சூட்டுக்கேற்ப நீர்வரத்தைத் தானே கூட்டிக் குறைப்பது), பாதிக்கு மேல் மூடும்போது, சுத்தியலால் விடாமல் அடிப்பதுபோல் அதிரத் தொடங்கியது. இதற்கான காரணத்தை நானே கண்டேன். வால்வின் உடம்பில் நீர் போக வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வால்வு, நீர் பாய்லருக்குத் திரும்பிவரும் குழாயில் மாட்டப்பட்டிருந்ததால் நீர் எதிர்த்திசையில் பாய்ந்தது. அப்படிப் பாயும்போது, மூடிக்கொண்டிருக்கும் அடைப்பானை நீரே இழுத்து மூடும், அது மீண்டும் துள்ளித் திறக்கும், மீண்டும் மூடும். இருதிசையிலும் வேலை செய்யும் வால்வாக மாற்றியதோடு அந்த அதிர்வு அடங்கியது.

தட்டலுக்கு விடை 2023இன் மின்வெட்டிலிருந்துதான் கிடைத்தது. அந்த ஆண்டு மின்சாரம் போய்ப் போய் வந்தது. போகும்போதெல்லாம் பம்பும் பாய்லரும் நின்றன. ஒரு நோட்டை எடுத்து, மின்சாரம் எத்தனை நேரம் நின்றது, திரும்பியபின் தட்டல் எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று ஒரு வாரம் குறித்துவைத்தேன். வெட்டு சிறிதாக இருந்து குழாய்கள் இளஞ்சூட்டிலேயே இருந்தால் இரண்டு மூன்று தட்டல்கள்தான். வெட்டு நீண்டு வீடு ஆறிவிட்டால் முப்பது வரை எண்ணினேன். எப்போதும் பாய்லர் எரிந்து மூன்று நான்கு நிமிடங்களில் தொடங்கி, கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதன்பின் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தாலும் சத்தம் இல்லை. பாய்லர் அணைந்து குழாய் ஆறும்போது மெல்ல மறுபடி கேட்கும். காற்றோ பம்போ காரணமாக இருந்தால் நீர் ஓடும் நேரமெல்லாம் சத்தம் வர வேண்டும். இது வெப்பநிலை மாறும்போது மட்டும் வருகிறது. அதாவது, தட்டுவது நீரல்ல, குழாய்.

செம்பு, மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.017 மில்லிமீட்டர் நீளும். சொல்லும்போது ஒன்றுமில்லாத அளவு. ஆனால் பாய்லரிலிருந்து பின்னறைவரை 12 மீட்டர் குழாய், 10 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது, 11 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். இடமில்லாமல் மரத்தில் இறுகிக் கிடந்தால், குழாய் உராய்வில் பிடித்துக்கொண்டு நிற்கும். விசை கூடக்கூட ஒரு கட்டத்தில் சட்டென்று வழுக்கும். அந்த வழுக்கல்தான் ‘டொக்’. மேலே விரிந்திருக்கும் மரத்தளம் மத்தளத்தின் தோலைப்போல் அதைப் பெருக்கி அறைக்குள் அனுப்புகிறது. உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை செய்தேன்: பாய்லரின் நீர் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்து மூன்று நாள் ஓட்டினேன். தட்டல்கள் பாதியாகக் குறைந்தன.

மீதிப் பாதிக்காகத் தரையைத் திறக்க வேண்டியிருந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் பழைய வீடுகளுக்கே உரிய ஓரிகன் பைன் பலகைகள் அவை. இப்போது அந்த மாதிரி மரம் எளிதில் கிடைப்பதில்லை. நான்கு பலகைகளைத் தூக்கினேன். எத்தனை கவனமாக இருந்தும் ஒன்று நீளவாக்கில் பிளந்தது. கீழே பார்த்தபோது எல்லாம் விளங்கியது. தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்களில், குழாய் சரியாக அடங்கும் அளவுக்கே பள்ளம் வெட்டி, போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒன்றோடொன்று ஒட்டித் திணித்து, மேலே பலகையை ஆணியடித்து மூடியிருந்தார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தாமல் (ஆழப்படுத்தினால் சட்டம் வலுவிழக்கும்) பக்கவாட்டில் மட்டும் சற்று அகலப்படுத்தி, குழாய்களைப் பிரித்து, ஒவ்வொரு தொடுமிடத்திலும் தடித்த ஃபெல்ட் துணியை வைத்தேன். ரேடியேட்டருக்காகக் குழாய் தரையைத் துளைத்து மேலே வரும் ஓட்டைகளையும் பெரிதாக்கினேன். சுவர்க் கொக்கியும் ரேடியேட்டரும் இரும்போடு இரும்பாக உரசிய இடங்களில் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகினேன். இரண்டு சனிக்கிழமைகளும் மிகச் சிறிய செலவும் ஆயின. பின்னறையில் தட்டல் நின்றது. ஆனால் பாய்லரின் எரிவாயுப் பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. அதைப் பதிவு பெற்றவர்தான் தொட வேண்டும், நீங்களும் தொடாதீர்கள்.

இப்போது நண்பருக்கான பதில். வெப்பம் அருமை, பழுது எளிது, செலவு குறைவு என்று இவ்வளவும் எழுதிவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை நாலரைக்கு, ஓடு பதித்த சமையலறை நடையின் அடியிலிருந்து மீண்டும் ஒரு ‘டொக்’ கேட்டது. அங்கே பதித்த ஓடுகளை உடைக்காமல் குழாயை எட்ட முடியாது. அம்மா ஊர் திரும்பி ஓராண்டு கழித்துத்தான் நான் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அவர் இங்கே இருந்த ஆறு வாரமும் சோபாவில் உறங்கியது நெஞ்சில் நிற்கிறது. ஆகவே என் பதில், ரேடியேட்டர்கள் வேண்டாம்.

ஏற்கெனவே வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டு, அவற்றை வைத்துக்கொள்வதாகவும் இருந்தால், சாமான்கள் வந்திறங்கும் முன், தரை காலியாக இருக்கும்போதே, குளிர்ந்த காலை ஒன்றில் பாய்லரை எரியவிட்டு ஒவ்வோர் அறையிலும் கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து கேளுங்கள். சத்தம் வரும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு வையுங்கள். பலகைகளைத் தூக்கும் அன்று நானும் வருகிறேன்.